ஆறு வயதுக் குழந்தைக்குக் கிரெடிட் கார்டா? அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

[திரையில்: மேசைமேல் ஒரு தபால் உறை]

வணக்கம். போன வருடம் எங்கள் தபால் பெட்டியில் இப்படி ஒரு உறை கிடந்தது. 'உங்களுக்கான கிரெடிட் கார்டு தயார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முகவரியில் என் மகளின் பெயர். அவளுக்கு ஆறு வயது, முன்பல் விழுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

விசாரித்ததில் அது வெறும் விளம்பரம் என்று தெரிந்தது. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

[திரையில்: ஒன்பது கட்டங்கள்]

இங்கே பிள்ளை பிறந்ததும் மருத்துவமனையிலேயே படிவம் நிரப்பிவிடுகிறோம், சில வாரங்களில் ஒன்பது இலக்க சோஷியல் செக்யூரிட்டி எண் வந்துவிடுகிறது. நம் எண்ணை யாராவது திருடினால் பில் வரும், ஸ்கோர் இறங்கும், சீக்கிரமே தெரிந்துவிடும். பிள்ளையின் எண்ணை 18 வயதுவரை யார் பார்க்கிறார்கள்?

திருடனுக்கு வேண்டியது அந்த எண் மட்டும்தான். பெயரையும் பிறந்த தேதியையும் அவனே இட்டுக்கட்டிக்கொண்டு கார்டுக்கு விண்ணப்பிப்பான். அப்படி ஒரு ஆளே இல்லை என்று முதல் விண்ணப்பம் தள்ளுபடியாகும். ஆனால் விண்ணப்பம் வந்த காரணத்தாலேயே கிரெடிட் பியூரோவில், அதாவது ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்து வைக்கும் நிறுவனத்தில், ஒரு கோப்பு உருவாகிவிடும்! அப்புறம் சின்னதாக ஒரு கார்டு வாங்கி, ஒழுங்காகக் கட்டி, வரம்பை ஏற்றிக்கொண்டே போய், ஒரு நாள் மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டு மறைந்துவிடுவான்.

முன்பெல்லாம் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும், எப்போது கொடுத்த எண் என்றும் ஓரளவு ஊகிக்கலாம். 2011 ஜூனிலிருந்து எண்களைக் குலுக்கிப் போட்டுக் கொடுக்கிறார்கள். அதனால் எண்ணைப் பார்த்து இது குழந்தையுடையது என்று கடன் கொடுப்பவரால் சொல்ல முடியாது.

[திரையில்: பூட்டு]

சரி, என்ன செய்யலாம்? கண்காணிப்புச் சேவைக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்வார்கள். திருட்டு நடந்தபின் மணி அடிப்பதைவிட முதலிலேயே கதவைப் பூட்டுவது மேல் என்பது என் கருத்து. அதுதான் கிரெடிட் ஃப்ரீஸ்: புதிதாகக் கடன் கொடுக்க வருபவர் பிள்ளையின் கோப்பைப் பார்க்க முடியாதபடி பியூரோவே பூட்டி வைப்பது. 2018 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க இது இலவசம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகப் பெற்றோரே கேட்கலாம்.

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பியூரோக்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி அட்டை, உங்கள் அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்கள் போதும், அசலை அனுப்பாதீர்கள். பிள்ளை பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவும் அதோடு கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் நல்ல செய்தி. இருந்தால் தாமதிக்காமல் ஐடென்டிடிதெஃப்ட் டாட் கவ் தளத்தில் புகார் பதியுங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஃப்ரீஸ் புதுக் கடனைத்தான் தடுக்கும். யாராவது உங்கள் பிள்ளையைத் தன் பிள்ளை என்று வரிக் கணக்கில் காட்டினால் அதை இது தடுக்காது. உங்கள் வரிக் கணக்கு அந்தக் காரணத்தால் திரும்பி வந்தால் அலட்சியமாக விடாதீர்கள்.

[திரையில்: ஒரு படிவம், பேனா முனை]

பல் மருத்துவர், நீச்சல் வகுப்பு, கோடைக்கால முகாம் என்று எங்கே போனாலும் படிவத்தில் அந்த ஒன்பது கட்டம் இருக்கும். நானும் யோசிக்காமல் நிரப்பிக்கொண்டிருந்தவள்தான். இப்போது காலியாக விட்டுக் கொடுக்கிறேன். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "எதுக்குங்க வேணும், எங்க வைப்பீங்க?" என்று நானும் கேட்கிறேன்.

[திரையில்: ஃபைலில் மூன்று கடிதங்கள்]

பியூரோக்களிலிருந்து வந்த மூன்று கடிதங்களையும் மகளின் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு அவள் சொந்தமாக ஒரு கார்டு வாங்கும்போது பூட்டைத் திறக்க அவை வேண்டும்.