குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு புது மருந்தை மனிதனுக்குக் கொடுக்குமுன் எப்படிச் சோதிக்கிறார்கள் என்ற இன்றைய தலைப்பைக் கேட்டதும் ஒரு நண்பர் சொன்னார்: "எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள், சாகவில்லை என்றால் மனுசனுக்குக் கொடுப்பார்கள். இதைப் பேச உங்களுக்கு ஒரு மணி நேரம் வேணுமா?" அவர் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லத்தான் லண்டனில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன்.

2006 மார்ச் 13, திங்கட்கிழமை காலை. லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் இயங்கிய ஒரு தனியார் ஆய்வுப் பிரிவில் எட்டு இளைஞர்கள் வரிசையாகக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். எட்டுப் பேருமே எந்த நோயும் இல்லாதவர்கள். கலந்துகொண்டால் ஆளுக்கு 2,000 பவுண்ட். மருந்தின் பெயர் டிஜிஎன்1412. ஜெர்மனியில் வுர்ட்ஸ்பர்க் நகரின் டெஜெனெரோ என்ற சின்ன நிறுவனம் உருவாக்கிய ஆன்டிபாடி. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கும் முடக்குவாதத்துக்கும் பயன்படும் என்று நம்பினார்கள். ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு வெற்று மருந்து, அதாவது மருந்தே கலக்காத திரவம். அதற்கு முன் எந்த மனித உடம்பிலும் அது ஏறியதில்லை.

ஒருவருக்கு ஏற்றிப் பத்து நிமிடத்தில் அடுத்தவருக்கு ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல். இரவுக்குள் நுரையீரல் திணறுகிறது, சிறுநீரகம் திணறுகிறது. மருந்து ஏறிய ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள். ஆனால் ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார். வெற்று மருந்து ஏறிய இருவரும் பக்கத்துக் கட்டிலில் இருந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சோதிக்காமல் கொடுத்துவிட்டார்கள்" என்று நமக்கு உடனே தோன்றும். அது சரியல்ல. விதிப்படி சோதித்தார்கள். அதனால்தான் இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டேன்.

சாதாரணமாக ஒரு புது மருந்து மனிதனிடம் வருமுன் என்னென்ன நடக்கிறது? முதலில் பாக்டீரியாவை வைத்து, இது மரபணுவைக் கெடுக்கிறதா என்று பார்ப்பார்கள். அது ஏம்ஸ் சோதனை. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கிறதா, மூச்சைக் குறைக்கிறதா, நரம்பு மண்டலத்தை என்ன செய்கிறது என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். பிறகு இரண்டு வகை விலங்குகள்: ஒன்று எலி இனம், இன்னொன்று எலி அல்லாதது, பெரும்பாலும் பீகிள் நாய் அல்லது குரங்கு. மருந்தே இல்லாத ஒரு குழு, குறைந்த டோஸ், நடுத்தர டோஸ், அதிக டோஸ் என்று பிரித்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொடுப்பார்கள். தினமும் தின்றதா, எடை குறைந்ததா என்று குறிப்பார்கள். கடைசியில் விலங்கைக் கொன்று, மூளையிலிருந்து எலும்பு மஜ்ஜை வரை ஒவ்வொரு உறுப்பையும் மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, ஒரு நோய்க்குறியியல் நிபுணர் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து பார்ப்பார். ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகள். அலுப்பான வேலை. ஆனால் ஒரு மருந்தின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த மேசையில்தான் நிர்ணயமாகிறது.

இதன் முடிவில் ஓர் எண் கிடைக்கும். கெடுதல் எதுவும் தென்படாத அதிகபட்ச டோஸ். விலங்கின் உடல் பரப்புக்கும் மனிதனின் உடல் பரப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு அந்த எண்ணைக் குறைப்பார்கள். எலியானால் சுமார் 6 ஆல் வகுக்க வேண்டும், நாயானால் சுமார் 2, இப்படிச் சோதனைக்குப் பயன்படும் வகைக் குரங்கானால் சுமார் 3. வருவதைப் பாதுகாப்புக்காக மறுபடி 10 ஆல் வகுப்பார்கள். மனிதனுக்குக் கொடுக்கும் முதல் டோஸ் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

இப்போது டிஜிஎன்1412-க்கு வாருங்கள். குரங்குகளுக்கு வாரம் ஒரு முறையாக நான்கு வாரம், கிலோவுக்கு 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். குரங்குக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மூன்றால் வகுத்தால் சுமார் 16. பத்தால் வகுத்தால் 1.6. அவர்கள் அதோடு நிற்கவில்லை, இன்னும் தாழ்த்தி 0.1 மில்லிகிராம் என்று வைத்தார்கள். குரங்கு தாங்கியதில் ஐந்நூறில் ஒரு பங்கு! அன்று இந்தக் காகிதத்தைப் பார்த்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன், இங்கே இருக்கும் பேராசிரியர்களும் போட்டிருப்பார்கள்.

பிறகு எங்கே தப்பு?

இந்த மருந்து நம் ரத்தத்தில் உள்ள, கிருமிகளை எதிர்க்கும் டி-செல்களின் மேல் இருக்கும் சிடி28 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. டி-செல் கிளம்ப வேண்டுமானால் வழக்கமாக இரண்டு சமிக்ஞை வேண்டும். ஒன்று "எதிரி இருக்கிறான்" என்பது, இன்னொன்று "ஆமாம், கிளம்பு" என்பது. இந்த மருந்துக்கு முதல் சமிக்ஞையே தேவையில்லை. எதிரியே இல்லாதபோதும் டி-செல்லைக் கிளப்பிவிடும். குரங்கின் சிடி28-ல் மருந்து போய் ஒட்டும் வெளிப்பகுதி மனிதனுடையதைப் போலவே இருப்பதால், குரங்கு பொருத்தமான விலங்குதான் என்று முடிவு கட்டினார்கள். பிரிட்டனின் தேசிய உயிரியல் தரநிர்ணய ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள் பின்னால்தான் கண்டுபிடித்தார்கள்: மனிதனிடம் பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் ஒரு வகை டி-செல்லில் சிடி28 இருக்கிறது, இந்தக் குரங்கின் அதே வகை செல்லில் அது இல்லை. மனிதனுக்குள் புயலைக் கிளப்பியது அந்தச் செல்தான். குரங்கிடம் மருந்து பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதன் சாதுத்தனம் அல்ல, பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

மனித ரத்தத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் இதைச் சோதித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதே ஆய்வகத்தில் சம்பவத்துக்குப் பிறகு செய்தார்கள். மனித ரத்தச் செல்களோடு மருந்தைத் திரவமாகவே கலந்தால் ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை! பிளாஸ்டிக் தட்டின் அடியில் மருந்தை உலரவைத்து ஒட்டி, அதன் மேல் செல்களை ஊற்றியபோதுதான் சைட்டோகைன்கள், அதாவது எதிர்ப்புச் செல்கள் விடும் சமிக்ஞைப் புரதங்கள், கொட்டின. மருந்தும் அதே, செல்லும் அதே, வைத்த விதம்தான் வேறு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதுதான், மிகவும் பயமுறுத்திய சோதனையும் இதுதான். "ஆய்வகத்தில் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "எப்படி வைத்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும் என்று அந்தத் தட்டு கற்றுக்கொடுத்தது.

பிரிட்டிஷ் அரசு கார்டன் டஃப் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. 22 பரிந்துரைகள் வந்தன. இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, ஒரே நாளில் எல்லோருக்கும் ஏற்றாதே. ஒருவருக்குக் கொடு, பொறுத்திரு, பார், பிறகு அடுத்தவர். இதைச் சொல்ல ஒரு நிபுணர் குழு வேண்டியிருந்தது என்பதே வேதனை. இரண்டாவதுதான் இன்று நான் சொல்லவந்த விஷயம். "எந்த அளவு வரை கெடுக்கவில்லை" என்ற எண்ணிலிருந்து மட்டும் இறங்கி வராதே. "எந்த அளவில் வேலையைத் தொடங்குகிறது" என்ற எண்ணையும் கண்டுபிடித்து, கீழேயிருந்து ஏறு. அந்தக் கணக்கைப் போட்டிருந்தால், 0.1 மில்லிகிராமிலேயே உடம்பில் உள்ள சிடி28-ல் சுமார் 90 சதவீதத்தை மருந்து பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்திருக்கும். ஐந்நூறில் ஒரு பங்கு என்று நாம் நிம்மதியடைந்த டோஸ், மருந்தின் கணக்கில் ஏறக்குறைய முழு டோஸ்.

இந்த மருந்து செத்துவிட்டதா என்றால் இல்லை. டெஜெனெரோ அதே ஆண்டு திவாலானது. ஆனால் மருந்து வேறு பெயரில் ரஷ்யாவில் மறுபடி மனிதச் சோதனைக்கு வந்தது. இந்த முறை தொடங்கிய அளவு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம், அதாவது லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சைட்டோகைன் புயல் வரவில்லை.

இந்த விதிகளில் பல யாரோ செத்த பிறகு எழுதப்பட்டவைதான். 1937-ல் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நிறுவனம் ஒன்று சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து சிரப்பாக விற்றது. நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், ருசி பார்த்தார்கள், விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டே, பாதுகாப்பைக் காட்டாமல் மருந்து விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதே கிளைக்கால் 2025-ல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் இருந்தது, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்தன. அது புது மருந்துச் சோதனையின் தோல்வி அல்ல. எண்பத்தெட்டு ஆண்டுகளாகத் தெரிந்த விஷத்தை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது, ஆனால் சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை.

கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுத்த தாலிடோமைடு மருந்தின் கதை உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து ஒன்று மட்டும். கருக்குழந்தைகளை அவ்வளவு கொடூரமாகப் பாதித்த அந்த மருந்து எலியின் குட்டிகளை அநேகமாகத் தொடவில்லை, முயலின் குட்டிகளைப் பாதித்தது. இன்றும் கருவைப் பாதிக்குமா என்ற சோதனையில் எலியோடு முயலும் இருப்பது அதனால்தான்.

அப்புறம் ஏமாற்று வேலை. எழுபதுகளில் அமெரிக்காவில் ஐபிடி என்ற பெரிய சோதனைக்கூடத்தில், செத்த எலிகளுக்குப் பதில் புது எலிகளை வைத்து முடிவு எழுதியது அம்பலமானது. சில எலிகளுக்கு நேராக "மிகவும் அழுகிவிட்டது" என்பதற்கு ஒரு சுருக்கெழுத்தே வைத்திருந்தார்களாம். இன்று ஜிஎல்பி, அதாவது நல்ல ஆய்வக நடைமுறை, என்ற பெயரில் ஒவ்வொரு எடையையும் தேதியோடு, கையெழுத்தோடு எழுதச் சொல்லி உயிரை வாங்குகிறார்களே, அதற்குக் காரணம் அந்த எலிகள்.

இப்போது விலங்கே வேண்டாம் என்ற பேச்சு வலுக்கிறது. அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை நீக்கியது. இந்தியாவும் 2023-ல் விதிகளைத் திருத்தி, மனிதச் செல்லில் வளர்த்த சிறு உறுப்புகள், சில்லு மேல் வளர்த்த திசுக்கள், கணினி மாதிரிகள் போன்றவற்றை ஏற்கலாம் என்றது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். வருடக்கணக்கில் பீகிள் நாய்களின் ரத்தம் எடுத்தவர்கள் யாரும் இதை எதிர்க்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் தட்டும் மனிதச் செல்தான். மனிதச் செல் என்பதாலேயே அது உண்மை சொல்லிவிடவில்லை.

கடைசியாக, மாணவர்களில் சிலர் பணத்துக்காக இப்படிச் சோதனைகளுக்குப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அவை ஏற்கெனவே விற்பனையில் உள்ள மருந்தின் இன்னொரு தயாரிப்பை ஒப்பிட்டுப் பார்ப்பவை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். இது மனிதனுக்கு முதல் முறையா? எனக்கு முன்னால் எத்தனை பேருக்கு ஏறியது? எனக்கும் அடுத்தவருக்கும் எவ்வளவு இடைவெளி? முதல் டோஸை எந்த எண்ணிலிருந்து முடிவு செய்தீர்கள்? முதல் மூன்றுக்கும் அங்கிருக்கும் நர்ஸே பதில் சொல்லிவிடுவார். நான்காவதற்கு டாக்டரைக் கூப்பிடுவார்கள். அவரும் படிவத்தையே திருப்பிக் காட்டினால், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். உங்களைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. அதுவும் அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கும்.

இரண்டாவது வரிசை நண்பருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் இப்போது கேட்கலாம். நன்றி.