ஒட்டிக்கோ வேட்டியும் ஒரு துண்டும்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம், கொஞ்சம் கம்மியாக. 'மன்னார்குடி மதிலழகு' என்பார்கள். அந்த மதிலைக்கூடப் பார்க்காமல், தைப் பனியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் முழு வணக்கம்.

தலைவர்களின் உடையில் தெரிவது மண்ணின் பண்பாடா, தேர்தல் வேடமா? பண்பாடுதான் என்று பேச என்னை எழுப்பிவிட்டிருக்கிறார்கள். நாலு பக்கம் எழுதி எடுத்து வந்தேன். ஆனால் எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தாரே, அதற்குப் பதில் சொல்லாமல் நான் ஊருக்குப் போக முடியாது.

என்ன சொன்னார்? "வேட்டி, வேட்டி என்கிறீர்களே, இன்றைக்குத் தலைவர்கள் கட்டுவது ஒட்டிக்கோ வேட்டி. பண்பாடு இடுப்பில் நிற்காமல்தானே ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள்?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசை மாமா விசிலே அடித்தார், பார்த்தேன்.

அண்ணே, ஒட்டிக்கோ வேட்டி கதை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. அப்போது உள்ளாட்சித் தேர்தல், சம்பா நடவு நேரம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். வேட்பாளர் வயலில் இறங்கி நாற்று நடுகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டுமாம். வந்தார். வேட்டி என்றால் வேட்டி, கஞ்சி போட்ட விறைப்பில், அவர் இல்லாமலே தனியாக நிற்கும். சட்டைப்பையில் தலைவர் படம், வெளியே தெரிகிற மாதிரி. செருப்பைக் கழற்றினார், அதைப் பிடிக்க ஓர் ஆள். வாட்சைக் கழற்றினார், அதைப் பிடிக்க இன்னோர் ஆள். நடவு ஆட்கள் இடுப்பில் கை வைத்துப் பார்க்கிறார்கள். வரப்பில் என் அப்பாயி, வாயில் வெற்றிலை.

சேற்றில் இறங்குகிறவன் என்ன செய்வான்? வேட்டியை மடித்துக் கட்டுவான். இவருக்கோ, மடித்தால் பட்டை விட்டுவிடுமோ என்று பயம். கொலு பார்க்கப் போகிற சின்னப்பெண் பாவாடையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒரு கால், முழங்கால் மட்டும் சேறு. இன்னொரு கால். ஒரு அம்மா நாற்று முடியை நீட்டுகிறார். கை காலியில்லை! வேட்டியை விட்டால் நாற்று, நாற்றை விட்டால் வேட்டி. போட்டோக்காரர், "அண்ணே, சிரிங்க" என்கிறார். அண்ணன் வேட்டியை விட்டார். நாற்றை வாங்கினார். குனிந்தார்.

டர்ர்ர்ர்ர்.

பின்வரிசையில் கேட்கவில்லையாமே, இன்னொரு தடவை சொல்கிறேன். நாற்றை வாங்கினார், குனிந்தார், டர்ர்ர்ர்ர். மடையில் தண்ணீர் பாய்கிற சத்தத்தையும் தாண்டி அந்தச் சத்தம் அடுத்த வயலுக்குக் கேட்டது. வேட்டி சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. உள்ளே டவுசர் இருந்ததால் ஊர் மானம் தப்பித்தது. அப்பாயி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "வேட்டிய மடிச்சுக் கட்டத் தெரியல, இவன் எங்கேருந்து வாய்க்கால தூர் வாரப்போறான்!"

நடுவர் ஐயா, எதிரணி இங்கேதான் மாட்டியது. அது வேடம் என்று அப்பாயிக்கு எப்படித் தெரிந்தது? எப்போது மடிப்பது, பெரியவர் எதிரே வந்தால் எப்போது இறக்கிவிடுவது என்ற கணக்கு அவளிடம் இருந்தது. அந்தக் கணக்குக்குப் பெயர்தான் பண்பாடு. சரி, அந்த வேட்பாளர் தோற்றாரா என்கிறீர்களா? இல்லை, ஜெயித்துவிட்டார். அதை விடுங்கள்.

2014-ல் சென்னையில் ஒரு கிளப் வாசலில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அதே ஆண்டு, வேட்டி கட்டி வருகிறவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றத்தில் சட்டம் போட்டோம். வெறும் துணி என்றால் சட்டம் எதற்கு?

காந்தி 1921 செப்டம்பர் 22-ல் மதுரையில் சட்டையை விட்டார். கதர் வாங்க வசதியில்லை என்று ரயிலில் ஏழைகள் சொன்னது அவரைத் தூங்கவிடவில்லை. 1931-ல் லண்டன் அரண்மனைக்கும் அந்த அரை வேட்டியோடும் போர்வையோடும்தான் போனார். அம்பேத்கரோ கோட்டும் டையுமாக நின்றார். ஒருவர் ஏன் கழற்றினார், ஒருவர் ஏன் போட்டுக்கொண்டார்? ஒருவருடைய ஜனங்களுக்குத் துணி இல்லை. இன்னொருவருடைய ஜனங்களுக்கு நல்ல துணி கட்ட அனுமதி இல்லை.

அனுமதி இல்லை என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் கேளுங்கள். என் தாத்தா பண்ணையாள். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. மிராசுதார் வந்தால் துண்டு கக்கத்துக்குப் போக வேண்டும். 1940-களில் கன்னட நாட்டிலிருந்து கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் வந்து இந்தச் சேற்றில் நடந்தார், விவசாயிகள் சங்கம் வந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது ஒன்று சொல்கிறேன்.

சங்கக் கூட்டத்துக்குப் போன அன்றைக்குத்தான் தாத்தா முதல் தடவையாகத் தோளில் துண்டு போட்டார். பதினாறு, பதினேழு வயது இருக்கும். மேடையில் இருந்த தலைவர்கள் தோளில் துண்டு. கீழே இவர் தோளிலும் துண்டு. திரும்பி வரும்போது வழியெல்லாம் அது இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாராம். மிராசுதார் வீடு வந்தது. கை தானாகத் துண்டை எடுக்கப் போனது. எடுக்கவில்லை. அப்பாயியிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா இடது தோளைத் தடவிக்கொள்வார். கடைசி வரைக்கும்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, அரை நிமிடம். அந்தத் துண்டு எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஓரமெல்லாம் நைந்துவிட்டது, இன்றைக்கு எடுத்து வந்திருக்கிறேன். பட்டுப்புடவைக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. தோளில் போட்டுக்கொண்டுதான் மேடையை விட்டு இறங்குகிறேன். அண்ணே, இதற்கு ஒட்டுப்பட்டை கிடையாது.

வணக்கம்.