ஊற்றிப் பார்த்து வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். என்னைக் கண்டால் பாத்திரக்கடைத் தம்பிகளுக்குக் கொஞ்சம் கலக்கம்தான். மூக்கு வைத்த பால் பாத்திரம் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். நான் உடனே, "தம்பி, ஒரு சொம்பு தண்ணி கிடைக்குமா?" என்பேன். குடிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கொண்டுவருவார்கள். அதை அந்தப் பாத்திரத்தில் ஊற்றி, மெதுவாகச் சொம்புக்கே திருப்பிச் சாய்ப்பேன். தண்ணீர் சொம்பில் விழுந்தால் வாங்குவேன். பாத்திரத்தின் அடிவயிற்றில் வழிந்து கடைக்காரரின் மேஜையை நனைத்தால், துடைத்துக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேட்பேன்.

பாத்திரம் வாங்கும்போது நாம் கனம் பார்க்கிறோம், பளபளப்பு பார்க்கிறோம், சுண்டிப் பார்க்கிறோம். அப்புறம் யார் பெயரை வெட்டுவது என்று குடும்பத்துக்குள் ஒரு சின்ன வழக்கும் நடக்கும். நடக்கட்டும். ஆனால் மூக்கு வைத்த பாத்திரத்துக்கு நம் வீட்டில் வேலை ஊற்றுவது. அந்த வேலையை மட்டும் கடையில் யாரும் செய்துபார்ப்பதில்லை.

ஏன் வழிகிறது? இது பெரிய விஞ்ஞானிகளையே சீண்டிய கேள்வி. திரவங்களின் ஓட்டத்தை ஆராய்ந்த மார்க்கஸ் ரெய்னர் 1956-இல் இதைப் பற்றி எழுதினார். அடுத்த வருஷமே அமெரிக்கக் கணித அறிஞர் ஜோசப் கெல்லர் ஒரு விளக்கம் தந்தார். திரவம் விளிம்பில் வளைந்து திரும்பும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அதைப் பாத்திரத்தோடு சேர்த்து அமுக்கிவிடுகிறது. சொட்டாத மூக்கைப் பற்றிய கணக்குக்காகக் கெல்லருக்கும் வாண்டன்-புரூக் என்பவருக்கும் 1999-இல் இக்நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் பரிசு அது. அடுப்படியில் நிற்பவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வேகமாக ஊற்றினால் திரவம் விளிம்பைத் தாண்டிப் பாய்ந்துவிடும். காபி ஆற்றுகிறவர் கையை உயர்த்தி ஒரே வீச்சில் ஊற்றுகிறார், டபராவுக்கு வெளியே ஒரு சொட்டு விழுவதில்லை. அதே டம்ளரைப் பயந்து பயந்து சாய்த்துப் பாருங்கள், மணிக்கட்டெல்லாம் காபி. விளிம்பு கூராக இருந்தாலும் திரவம் சட்டென்று பிரியும். உருண்டிருந்தால் ஒட்டிக்கொண்டு வரும்.

அப்படியானால் டம்ளர் விளிம்பை ஏன் உருட்டி வைத்திருக்கிறார்கள்? தகடு மெல்லியது, அப்படியே விட்டால் உதட்டைக் கிழிக்கும், நசுங்கவும் நசுங்கும். சூடான காபியோடு டம்ளரைத் தூக்க விரல் பிடிப்பதும் அந்த விளிம்பைத்தான். உதட்டுக்கும் விரலுக்கும் விட்டுக்கொடுத்து, ஊற்றுகிற பொறுப்பை நம் கைவேகத்திடம் ஒப்படைத்த பாத்திரம் அது. எனக்கு இதில் புகாரே இல்லை. கடையில் மட்டும் ஒன்று செய்யுங்கள்: மடித்த விளிம்பின் அடியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இடுக்கு இருந்தால் தண்ணீரும் அழுக்கும் அங்கேதான் குடியிருக்கும்.

ஒரு மூக்குக்காக எவ்வளவு மெனக்கெடலாம் என்பதற்கு ஜப்பானில் ஒரு சாட்சி இருக்கிறது. கென்ஜி எகுவான் என்ற வடிவமைப்பாளர் கிக்கோமான் நிறுவனத்துக்காகச் செய்த சோயா சாஸ் குப்பி. அது 1961-இல் கடைக்கு வந்தது. அதற்கு முன் மூன்று வருஷ உழைப்பு, நூறு மாதிரிகளுக்கு மேல். தீர்வு என்னவோ சின்னதுதான்: மூக்கின் நுனியில் அடிப்பக்கத்தை உள்நோக்கிச் சரிவாக வெட்டிவிட்டார். ஓடிவர இடமில்லாமல் கடைசிச் சொட்டு திரும்பி உள்ளே போய்விடுகிறது. மூடியில் இரண்டு மூக்கு. ஒன்றை விரலால் பொத்தினால் மற்றதிலிருந்து ஓட்டம் நிற்கும். பிற்பாடு அதிவேக ரயிலும் மோட்டார் சைக்கிளும் வடிவமைத்தவர் அவர். நம் ஊர் எண்ணெய்த் தூக்கைச் செய்கிறவர்கள் அந்தக் குப்பியை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. தூக்குக்கு அடியில் தட்டு வைக்கிற வழக்கம் அதோடு ஒழியும்.

ஆனால் மூக்கு என்றால் எனக்குப் பிடித்தது நம்முடைய பாலாடைதான். உள்ளங்கையில் அடங்குகிற குட்டிக் கிண்ணம். ஒரு பக்கம் குவிந்து நீண்ட மூக்கு. பழங்காலத்துச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இருக்காது. பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை இன்றும் நம் மருத்துவமனைகளில் பாலாடையால் புகட்டுகிறார்கள். மூக்கைக் கடைவாயில் வைத்து மெல்லச் சாய்த்து, குழந்தை விழுங்குகிறவரை காத்திருந்து, மறுபடி சாய்க்க வேண்டும். இங்கே கைவேகம் உதவாது, புரையேறிவிடும். வேகத்தைக் கூட்ட முடியாத இடத்தில் மூக்கை நீட்டிவிட்டார்கள். நுனி வாய்க்குள்ளேயே இருப்பதால் வழிந்தாலும் அங்கேதான் வழியும். பால்புட்டியில் ரப்பர் உண்டு, திருகு உண்டு, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் உண்டு. பாலாடையில் எல்லாமே வெளிச்சத்தில் இருக்கிறது. தேய்த்துக் கழுவி, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் தீர்ந்தது.

இதை வடிவமைத்தவர் யார்? தெரியாது, ஒருவராக இருக்கவும் வாய்ப்பில்லை. 1958-இல் நம் அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி, நம் லோட்டாவை, அதாவது தண்ணீர்ச் சொம்பைப் பற்றி இதையேதான் எழுதினார்கள். அவர்கள் இந்தியாவில் பார்த்ததிலேயே மிக உயர்ந்ததாக நினைத்த பொருள் அது. இதை வடிவமைக்க என்னென்ன யோசித்திருக்க வேண்டும் என்று அறிக்கையில் அடுக்கினார்கள்: எவ்வளவு தண்ணீர், யாருடைய கை, தலையிலா இடுப்பிலா, சாய்க்கும்போது எடை எந்தப் பக்கம் போகிறது, இன்னொன்றோடு இடித்தால் என்ன சத்தம் வரும். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்தது.

அந்தப் பட்டியலில் இன்னொரு கேள்வியும் உண்டு: பழசானால் என்ன விலைக்குப் போகும்? நம் பாத்திரக்கடைக்காரர் இதைத் தினமும் தராசில் கேட்கிறவர். பித்தளையையும் எவர்சில்வரையும் எடை போட்டு எடுத்துக்கொள்வார். பிளாஸ்டிக் பிடியை ஆணி அடித்து இறுக்கிய கெட்டிலைக் கொடுத்துப் பாருங்கள், தள்ளி வைத்துவிடுவார். பிரிக்க முடியாததற்கு அவரிடம் விலை இல்லை. ஆகவே கைப்பிடி வைத்த எதை வாங்கினாலும் பிடி திருகில் நிற்கிறதா என்று பாருங்கள். திருகு என்றால் பிடி உடைந்தாலும் மாற்றலாம், கடைசியில் கழற்றி எடைக்கும் போடலாம்.

இணையத்தில் வாங்குகிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை. படத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது, அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஊற்றிப் பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபின் பார்த்துப் பயனில்லை.

நன்றி, வணக்கம்.