எட்டும் தூரம் குற்றமாகாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வண்டி ஓடும்போது சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் கைபேசி இருந்தாலே தண்டப்பணம் விதிக்கலாம், அது நியாயமே என்று எதிரணியினர் வாதிட்டார்கள். நியாயமில்லை என்பது எங்கள் அணியின் கட்சி. கினிகத்தேனை வளைவில் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் கைபேசியுமாக வருகிறவருக்காக நான் ஒரு சொல்லும் பேசப்போவதில்லை. கியர் மாற்றவும் ஹோர்ன் அடிக்கவும் எதிரே வரும் தேயிலைக் கொழுந்து லொறிக்கு ஒதுங்கவும் இரண்டு கைகள் போதாத வீதி அது. கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது நம் இலங்கையில் ஏற்கெனவே குற்றம். அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்குங்கள், முதல் ஆளாக வரவேற்கிறேன்.

எதிரணித் தலைவர், 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைவூட்டினார். அந்தத் துயரம் இங்குள்ள எல்லோருக்கும் சொந்தம். ஆனால் எட்டும் தூரத்தில் கிடந்த ஒரு கைபேசிதான் அந்த பஸ்ஸைக் கவிழ்த்தது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பிறகு எதற்காக அந்த உயிர்களைச் சாட்சிக்கு அழைக்கிறார்?

ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விபத்தில் சிக்கிய சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளைக் கனடாவில் ஆராய்ந்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கூடவில்லை. கை சும்மா இருந்தாலும் கவனம் பேச்சோடு போய்விடுகிறது. இனி எதிரணியின் சட்டத்தை வைத்துப் பாருங்கள். காதில் கருவியைச் செருகிக்கொண்டு, கைபேசியைப் பின் இருக்கையில் போட்டுவிட்டு, ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை பேசியபடியே ஓட்டுகிறவரை அது தொடாது. கைபேசியை அணைத்து முன்னால் வைத்துவிட்டு வீதியை மட்டுமே பார்த்து ஓட்டுகிறவரைப் பிடிக்கும். இதற்குப் பெயர் நியாயமா, நடுவர் அவர்களே?

பிரித்தானியாவில் 2022 மார்ச் முதல் சட்டம் மிகக் கடுமை. ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுத்துப் படம் பிடித்தாலும் பாட்டுத் தேடினாலும் 200 பவுண் தண்டம், உரிமத்தில் 6 தண்டப் புள்ளிகள். அங்கேயும் கைபேசியைத் தாங்கியில் பொருத்தி வழி பார்ப்பது குற்றமில்லை.

கை எட்டினால் மனம் சும்மா இருக்காது என்றார் எதிரணிச் சகோதரி. சிலருக்கு அது உண்மைதான். ஆனால் மூடி திறக்காத சாராயப் போத்தலை வண்டியில் கொண்டுபோகிறவர் மீது குடிபோதையில் ஓட்டிய வழக்கைப் போடுகிறோமா?

நம் மலைகளில் கைபேசி வெறும் அரட்டைக் கருவியும் அல்ல. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வருவதும், மேலே வீதி சரிந்துவிட்டது, வராதே என்று ஊரார் தடுப்பதும் அதில்தான். தோட்ட லயத்திலிருந்து பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை நள்ளிரவில் ஏற்றிவரும் சாரதி, வழியில் நிலைமை மோசமானால் ஓரமாக நிறுத்தி 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். நிறுத்திவிட்டுத்தான் அழைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த நேரத்தில் கைபேசியைப் பொதிகளுக்கு அடியில் தேடச் சொல்கிறீர்களா?

பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்து வைக்கலாம் என்றீர்கள். பஸ்ஸுக்கு அது நல்ல யோசனை, ஏற்கிறேன். முச்சக்கரவண்டிக்கு நடத்துநர் ஏது? தலவாக்கலை நகரில் தனியாக நின்று ஹயருக்குக் காத்திருக்கும் அந்த மனிதருக்கு முன்னால் இருப்பது கைபிடி, பின்னால் இருப்பது பயணியின் இருக்கை. அந்தச் சின்ன வண்டிக்குள் அவர் கை எட்டாத இடம் எது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும்.