எண்பதா, அறுபத்தைந்தா?

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறேன். ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கினால் எந்த அளவில் வாங்குவது என்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பைனாகுலருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒற்றைக் குழாய், கீழே டிரைபாட். வெளிநாட்டில் மலையேறி மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இதே கேள்வியை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டதால் அந்தப் பேச்சே கிடையாது. நான் நடந்துபோய்ப் பறவை பார்க்கிறவன். ஆனாலும் தோள்பட்டை வலி எல்லாருக்கும் ஒன்றுதானே.

கடையில் 50, 65, 80 என்று சொல்வார்கள். முன்னால் இருக்கிற கண்ணாடியின் அகலம் அது, மில்லிமீட்டர் கணக்கு. தண்ணி லாரியில் குடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய் அகலமான பாத்திரத்தில் அதிகம் விழும். 65-ஐ விட 80 ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெளிச்சம் வாங்கும். சரி, ஆனால் அந்தப் பெரிய குடத்தை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது யார்?

நான்தான் தூக்கினேன். முதலில் வாங்கியதே 80. பழசுதான், ஆனாலும் பெரிசு என்று ஒரு பெருமை. அதோடு இரும்பு மாதிரி கனக்கிற டிரைபாட், தண்ணீர் பாட்டில், பை, எல்லாம் சேர்ந்து ஆறு கிலோ இருக்கும். கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயிலில் ஏறினால் பக்கத்தில் நிற்பவர் முட்டியில் டிரைபாட் இடிக்கும், அவர் முறைப்பார், எண்ணூரில் இறங்கி முகத்துவாரம் வரை நடப்பதற்குள் பட்டை தோளில் பள்ளம் போட்டிருக்கும். அப்புறம் சேறு. கணுக்கால் வரை இறங்கும் கறுப்புச் சேறு, அதில் ஒரு காலைப் பிடுங்கினால் மறு கால் போகும்.

அது ஒரு டிசம்பர் காலை. தூரத்து மணல்திட்டில் உப்புக்கொத்திகள் என்கிற சின்னக் கரைப்பறவைகள் ஒரு கூட்டம். சிறிய வகையா பெரிய வகையா என்று அலகையும் காலையும் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதற்காகத்தான் இவ்வளவு சுமை. நான் டிரைபாட்டை நிறுத்தி முடிக்கும்போது ஒன்பதரை. ஜூமை 60 மடங்கு வரை திருப்பினேன். என்ன தெரிந்தது? கொதிக்கிற சாம்பாருக்குள் ஏதோ ஆடுகிற மாதிரி தெரிந்தது. கானல்! வெயில் ஏறினால் சேற்றின் மேலே காற்று நெளியும், பறவையோடு சேர்த்து அந்த நெளிவையும்தான் ஸ்கோப் பெரிதாக்கிக் காட்டும். இதற்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் மருந்து கிடையாது. ஜூமை 25-க்கு இறக்கினேன், பறவை பறவையாக ஆனது. கூட வந்த நண்பர் 65-ஐ வைத்து அதே 25-இல் அதே பறவையைப் பார்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நண்டு பிடிக்க வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். "இன்னா நைனா, பீரங்கி எடுத்துனு வந்துக்கிற?" என்றார். கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். "காலு தெரிது, மூக்கு தெரிது, நண்டு எங்க கீதுன்னு தெரிலியே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கானலைப் பற்றி நான் ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள், இருந்தாலும் இன்னொரு தரம் சொல்கிறேன். நம் கடற்கரையில், எண்ணூரோ பழவேற்காடோ, ஒன்பது மணிக்கு மேல் 30-க்கு மேலே ஜூம் போவதே அபூர்வம். அந்த 30-க்கு 65 போதும். நான் அன்று வைத்த 25-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், 65-ஐ 25-ஆல் வகுத்தால் 2.6 மில்லிமீட்டர். அந்த அளவு அகலத்தில்தான் வெளிச்சம் கண்ணுக்குள் வருகிறது. வெயிலில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும். 80 கூடுதலாகக் கொண்டுவந்து கொட்டுவது வெளியேதான் வழியும்.

பின்னே 80 யாருக்கு? விடியற்காலை இருட்டிலும் அந்தி சாய்ந்த பிறகும் பார்க்கிறவர்களுக்கு. அப்போது கண்மணி விரிந்திருக்கும், கூடுதல் வெளிச்சம் வீணாகாது. மான் வெளியே வருகிற நேரமும் அதுதான், அதனால்தான் அந்த வேட்டைக்காரர்கள் 80-ஐ விட மனசில்லாமல் தவிக்கிறார்கள். பழவேற்காட்டில் பூநாரை பார்க்க வண்டியிலேயே போய்க் கரையில் இறங்குகிறவர் என்றால், அவருக்கும் 80 சரி, சுமக்கப்போவது வண்டிதானே. நடக்கிறவருக்கு 65. ரொம்ப தூரம் நடக்கிறவர், முதுகு வலிக்காரர், 50 வாங்கினாலும் தப்பில்லை, மங்கல் வெளிச்சத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷமாம். டிரைபாட்டைப் பற்றித்தான் நிறைய எழுதிவைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன். ஸ்கோப்பில் மிச்சம் பிடித்த எடையை மட்டமான டிரைபாட்டில் கோட்டை விடாதீர்கள், கடற்காற்றில் ஆடும், நடுக்கம்பை உயர்த்தாமல் பையை அதில் தொங்கவிடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கண் வைக்கிற பக்கம் வளைந்த குழாயா நேர்க்குழாயா என்றால், உயரம் வேறுவேறாக உள்ள நாலு பேர் மாறிமாறிப் பார்ப்பதற்கு வளைந்தது... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.