ஆற்றில் இருக்கும் நீரும் ஆற்றில் போகும் நீரும்

எல்லோருக்கும் வணக்கம்.

பூமியில் நன்னீர் எவ்வளவு என்று கேட்டால், பள்ளியில் படித்த விகிதம்தான் நமக்கு உடனே நினைவுக்கு வரும். மொத்த நீரில் 97 சதவீதத்துக்கு மேல் உப்பு நீர், இரண்டரை சதவீதம்தான் நன்னீர். கணக்கு சரிதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் விஷயத்தில் பாதி கைவிட்டுப் போய்விடும். நீர் எங்கே இருக்கிறது என்பதைவிட, எடுத்த நீர் எவ்வளவு காலத்தில் திரும்பி வருகிறது என்பதே முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் இருப்பைப் பார்த்துவிடுவோம். நன்னீர் மொத்தம் ஏறத்தாழ 3.5 கோடி கன கிலோமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் மலைப் பனிப்பாறைகளிலும் உறைந்து கிடக்கிறது. சுமார் 30 சதவீதம் நிலத்துக்கு அடியில். ஏரி, ஆறு, சதுப்பு நிலம், மண்ணின் ஈரம், காற்றிலுள்ள ஆவி எல்லாவற்றையும் கூட்டினாலும் அரை சதவீதம் தேறாது.

அந்தச் சிறு பங்கும் பரவலாக இல்லை. சைபீரியாவின் பைகால் ஏரியில் மட்டும் 23,000 கன கிலோமீட்டருக்கு மேல் நீர் இருக்கிறது. வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளையும் சேர்த்தால்கூட அதைவிடச் சற்றுக் குறைவுதான். ஆப்பிரிக்காவின் டாங்கனிகாவையும் சேர்த்துக்கொண்டால், உலகின் நன்னீர் ஏரிகளில் உள்ள நீரில் பாதிக்கு மேல் இந்த மூன்று இடங்களிலேயே அடங்கிவிடுகிறது.

சரி, ஆறுகள்? ஏதாவது ஒரு கணத்தில் உலகின் எல்லா ஆறுகளிலும் இருக்கும் நீர் சுமார் 2,000 கன கிலோமீட்டர்தான். பைகாலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஓராண்டில் இதே ஆறுகள் கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஏறத்தாழ 40,000 கன கிலோமீட்டர். அதாவது ஆற்று நீர் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிவிடுகிறது. காற்றிலுள்ள ஆவி இன்னும் வேகம். பத்து நாளுக்குள் மழையாக இறங்கிவிடும். பைகாலில் நூற்றுக்கணக்கான ஆறுகள் கலக்கின்றன, வெளியேறுவது அங்காரா ஒன்றுதான். ஆனாலும் அந்த ஏரியின் நீர் முழுவதும் மாறுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மனிதர்கள் காலம்காலமாகப் பிழைத்து வந்தது பெரும்பாலும் இந்த ஓட்டத்தை நம்பித்தான், இருப்பை நம்பி அல்ல.

ஓட்டமும் சமமாகக் கிடைப்பதில்லை. நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடான ஈரக் காற்று மேலே எழுந்து மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரம் இழந்த காற்று வடக்கிலும் தெற்கிலும் 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. சகாரா, அரேபியப் பாலைவனம், ஆஸ்திரேலியாவின் உள்நிலம் எல்லாம் அந்தப் பட்டைகளை ஒட்டி இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். இன்னொரு பக்கம் அமேசான். உலக ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகும் நீரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஆற்றுடையது. ஆனால் அதன் படுகையில் மக்கள் மிகக் குறைவு. பருவமழை நாடுகளிலோ ஆண்டு மழையில் பெரும்பகுதி சில மாதங்களிலேயே பெய்து, வெள்ளமாக ஓடிவிடுகிறது. ஆகவே 40,000 என்ற எண்ணும் முழுக்க நம் கைக்கு வருவதல்ல.

எனக்கு மிகவும் கவலை தருவது நிலத்தடி நீர். மேலோட்டமான கிணற்று நீரைச் சில மழைக்காலங்களே நிரப்பிவிடும். ஆழத்தில் இருப்பது அப்படியில்லை. எகிப்து, லிபியா, சூடான், சாடு ஆகிய நான்கு நாடுகளுக்கு அடியில் நூபிய மணற்கல் அடுக்கு பரந்து கிடக்கிறது. அதிலுள்ள நீர், சகாரா ஈரமாக இருந்த காலங்களில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறங்கியது. இன்று அதை நிரப்ப அங்கே மழையே இல்லை எனலாம். அந்த நீரைத்தான் லிபியா 1991 முதல் பெரும் குழாய்கள் வழியாகக் கடற்கரை நகரங்களுக்குக் கொண்டுபோகிறது. அந்த மக்களின் தேவையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எடுத்தது எடுத்ததுதான். எந்தத் தலைமுறைக்கும் அது திரும்பி வராது.

ஆறு வற்றினால் கண்ணுக்குத் தெரியும், நிலத்தடியில் குறைவது தெரியாது. 2002இல் கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்ட பிறகு இந்த நிலை ஓரளவு மாறியது. கீழே நிறை கூடினாலோ குறைந்தாலோ ஈர்ப்புவிசை துளி மாறும். அதனால் முன்னும் பின்னுமாகப் பறக்கும் இரண்டு செயற்கைக்கோள்களுக்கும் இடையிலுள்ள தூரமும் மாறும். அதை நுட்பமாக அளந்து நீரின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டார்கள். வடமேற்கு இந்தியா, கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு, மத்தியக் கிழக்கு எனப் பாசனத்துக்கு இடைவிடாமல் இறைக்கும் இடங்களில் நிலத்தடி நீர் குறைந்துவருவது அதில் தெளிவாகப் பதிவானது. 2018 முதல் அடுத்த இணை இதே வேலையைத் தொடர்கிறது.

ஆற்று நீரைப் பங்கிட நாடுகள் எத்தனையோ ஒப்பந்தங்கள் போட்டிருக்கின்றன. எல்லை தாண்டிக் கிடக்கும் நிலத்தடி நீருக்கு அவை மிகவும் சொற்பம். குவரானி என்ற நிலத்தடி நீரடுக்கைப் பகிரும் அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே ஆகிய நான்கும் 2010இல் கையெழுத்திட்டது அந்தச் சிலவற்றில் ஒன்று. அங்கே நீர்ப் போர் எதுவும் மூளவில்லை. தட்டுப்பாடு வருமுன்பே உட்கார்ந்து பேசினார்கள். மற்ற நீரடுக்குகளின் மேல் வாழும் நாடுகளும் இப்போதே அப்படிப் பேசத் தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நன்றி.