38 மாவட்டம், 6 கேள்வி: வீடியோ கால்ல ஒளிஞ்சிருக்கிற ஊரைப் பிடிக்கலாமா?

[திரையில்: தமிழ்நாட்டு வரைபடம். மாவட்ட எல்லைக் கோடு மட்டும், பேர் எதுவும் இல்லை.]

தமிழ்நாட்டுல ஏதோ ஒரு பள்ளிக்கூடம். எந்த ஊருன்னு தெரியாது. வீடியோ கால்ல அந்த வகுப்புப் பிள்ளைங்க முகம் மட்டும் தெரியுது. நீங்க என்ன கேள்வி வேணா கேக்கலாம். ஆனா "ஆமா", "இல்லை", இந்த ரெண்டைத் தவிர அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. மொத்தம் 38 மாவட்டம். எத்தனை கேள்வியில பிடிப்பீங்க?

ஆறு போதும். எப்படின்னு கடைசியில சொல்றேன்னு இழுக்க மாட்டேன், இதோ அடுத்த பகுதியே அதுதான்.

வணக்கம் மக்களே. வகுப்புல வீடியோ கால்னு சொன்னாலே ஊரடங்கு ஞாபகம் வந்து கொட்டாவி விடுறீங்க, தெரியுது. அது ஒரு ஆசிரியர், ஆளுக்கொரு வீட்டுல நாப்பது பிள்ளைங்க, பாதிப்பேர் கேமரா அணைஞ்சிருக்கும். இது வேற. இந்தப் பக்கம் ஒரு வகுப்பே, அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பே.

இந்த விளையாட்டு 'மிஸ்டரி ஸ்கைப்'னுதான் பல நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் பரவுச்சு. ஸ்கைப்ங்கிற வீடியோ கால் ஆப் 2003ல வந்துச்சு, 2011ல மைக்ரோசாஃப்ட் வாங்குச்சு, 2025 மே 5ஆம் தேதி கடையைச் சாத்திட்டாங்க. விளையாட்டு சாகல. கூகுள் மீட், ஜூம், எதுல வேணா ஆடலாம். வரலாறு அவ்வளவுதான்.

[திரையில்: 38 → 19 → 10 → 5 → 3 → 2 → 1]

இப்போ ஆறு கேள்வி. முதல் தடவை ஆடுற பிள்ளைங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "உங்க ஊரு மதுரையா?" "இல்லை"ன்னு பதில் வந்தா 38ல ஒண்ணுதான் கழியும். இப்படியே போனா பெல் அடிச்சிடும். நல்ல கேள்வி எதுன்னா, பதில் எது வந்தாலும் மிச்சத்தைப் பாதியா வெட்டணும். 38 பாதியாகி 19, அப்புறம் 10, 5, 3, 2, 1. எண்ணிப் பாருங்க, ஆறு வெட்டு. கம்ப்யூட்டர்காரங்க இதை 'பைனரி சர்ச்'னு பாடமா நடத்துறாங்க. ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில வரைபடத்தை வெச்சுக்கிட்டு அதையேதான் பண்ணுது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கணக்கு என்னன்னா, இருபது கேள்வி இருந்தா பத்து லட்சத்துக்கும் மேல உள்ளதுல ஒண்ணைப் பிடிச்சிடலாம். சரியா 10,48,576.

சரி, பாதியா வெட்டுற கேள்வி எது? முதல் கேள்வி: "உங்க மாவட்டத்துக்குக் கடற்கரை இருக்கா?" இருக்கிறது 14, இல்லாதது 24. நேர் பாதி இல்லை, ஆனா மோசமும் இல்லை. "இல்லை"ன்னு வந்தா அடுத்தது: "பக்கத்து மாநில எல்லை உங்க மாவட்டத்தைத் தொடுதா?" அந்த 24ஐ இது ஏறக்குறைய ரெண்டாப் பிளக்கும். அதுக்கும் "இல்லை"யா? மூணாவது: "காவிரியோ கொள்ளிடமோ உங்க மாவட்டத்தைத் தொட்டுட்டுப் போகுதா?" "ஆமா"ன்னு வந்துட்டா நாமக்கல், கரூர், திருச்சி, அரியலூர்னு விரல் விட்டு எண்ணுற அளவுக்கு வந்துட்டீங்க. மூணே கேள்வி!

இங்கதான் பெரிய குண்டு ஒண்ணு வெடிக்கும். பதில் சொல்றவங்க ஒரு தடவை தப்பாச் சொன்னாப் போதும், சரியான மாவட்டம் அந்த வெட்டுலயே குப்பைக்குப் போயிடும். அப்புறம் எவ்வளவு புத்திசாலியா கேட்டாலும் கிடைக்காது. எங்க தப்பு வரும் தெரியுமா? தஞ்சாவூர். நெல்லு, கோயில், தலையாட்டி பொம்மைன்னே யோசிச்சுட்டு "கடல் இல்லை"ன்னு அடிச்சு விட்டுடுவாங்க. அதிராம்பட்டினம் எந்த மாவட்டம்? தஞ்சாவூர்தான். திருவாரூருக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. திருநெல்வேலிக்கு உவரி, கூடங்குளம். அல்வாவோட நிறுத்திட்டா எப்படி? அதனால பதில் சொல்ற அணிக்கும் மேசை மேல வரைபடம் இருக்கணும். சந்தேகம் வந்தா "ஒரு நிமிஷம்"னு மைக்கை அணைச்சுட்டுப் பார்த்துட்டுச் சொல்லட்டும். கடலூர் பிள்ளைங்ககிட்ட பக்கத்து மாநில எல்லைக் கேள்வியைக் கேட்டா இன்னொரு சண்டையும் வரும்: புதுச்சேரி மாநிலமா, யூனியன் பிரதேசமா? டீச்சர், அந்தச் சண்டையை நிறுத்தாதீங்க. அன்னிக்குச் சமூக அறிவியல் பாடமே அதுதான்.

[திரையில்: வகுப்பறை, ஒரே ஒரு நாற்காலி லேப்டாப் முன்னாடி]

வகுப்பை எப்படிப் பிரிக்கிறது? நாப்பது பேரும் ஒரே நேரத்துல கத்துனா சந்தைதான். கேள்வி கேக்க நாலு பேர், பதில் சொல்ல நாலு பேர். குறிப்பெழுத ரெண்டு பேர், கேட்ட கேள்வியையே திரும்பக் கேக்காம இருக்க அவங்கதான் காவல். ஓடுறதுக்கு ரெண்டு பேர், வரைபடக் கூட்டத்துல இருந்து நாற்காலிக்குத் துண்டுச்சீட்டு கொண்டு போக. மிச்சப்பேர் அஞ்சஞ்சு பேராக் கூடி வரைபடத்துல அடிச்சுக்கிட்டே வரணும். உண்மையான வேலை அங்கதான் நடக்குது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆளை மாத்துங்க. இல்லேன்னா எப்பவும் பேசுற அதே நாலு பேர்தான் பேசுவாங்க.

ரகசியம் கசியிற இடத்தையும் சொல்லிடறேன். சுவர்ல பள்ளிப்பேரு, நகைக்கடை காலண்டர், சட்டையில பேட்ஜ், ஜன்னலுக்கு வெளிய போற டவுன் பஸ் போர்டு. எல்லாத்தையும் மறைச்சுட்டு, வீடியோ காலுக்குள்ள நுழையிற அக்கவுன்ட் பேர்ல "அரசு மேல்நிலைப் பள்ளி"ன்னு ஊர்ப்பேரோட வெச்சிருப்பாங்க பாருங்க! முந்தின நாளே பேரை மாத்துங்க. ப்ரொஜெக்டர்ல போடுறீங்கன்னா வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனையும் அணைச்சிடுங்க. உங்க சம்பந்தி அனுப்புற குட்மார்னிங் ரோஜாவை வகுப்பு முழுக்கப் பார்க்க வேண்டாம்.

இனி சத்தம். படம் மங்கினாலும் பாடம் நடக்கும், சத்தம் போனா எல்லாம் போச்சு. ஆனா செலவு பண்றவங்க கேமராவுக்குத்தான் பண்றாங்க, என்னால இதைப் புரிஞ்சுக்கவே முடியல. மைக்குக்கும் வாய்க்கும் தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். 30 சென்டிமீட்டர்ல இருந்த பிள்ளை 3 மீட்டர் தள்ளிப் போனா 20 டெசிபல் குறையும், அதாவது நூறுல ஒரு பங்கு சக்தி. தலைக்கு மேல ஓடுற ஃபேன் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். அதனாலதான் பின்பெஞ்சுல இருந்து கேட்ட கேள்வி மறுபக்கம் "கர்ர்"னு போகுது. தீர்வுக்குப் பைசா செலவில்லை: அந்த ஒத்தை நாற்காலி. பேசுறவர் அங்க வந்து உட்கார்ந்து பேசட்டும். லேப்டாப்புக்கு மேல உள்ள ஃபேனை மட்டும் நிறுத்துங்க.

ஊளைச் சத்தம் வருதா? அறைக்குள்ள ரெண்டாவது போன் ஒண்ணு அதே காலுக்குள்ள இருக்கும், தேடுங்க. லேப்டாப் தன் ஸ்பீக்கர்ல தான் விட்ட சத்தத்தை மைக்ல வரும்போது கழிச்சிடும். பக்கத்து போன் விட்ட சத்தம் அதுக்குத் தெரியாது. ஒரு அறைக்கு ஒரே மைக், ஒரே ஸ்பீக்கர். ஸ்பீக்கரும் புளூடூத் வேண்டாம், வயர் போட்டுக்குங்க. புளூடூத்ல சத்தம் தாமதமாத்தான் வரும், அந்தக் கழித்தல் கணக்கு குழம்பலாம்.

ரெண்டு வகுப்பும் சேர்ந்து பாட்டுப் பாடலாமேன்னு யாராவது ஆசைப்படுவாங்க. விடாதீங்க. சத்தம் போய்ச் சேரவே நேரமாகுது, தாளம் ஒட்டவே ஒட்டாது. ஒரு பக்கம் பாடட்டும், மறுபக்கம் கேக்கட்டும். கைத்தட்டலைக்கூட இரைச்சல்னு நினைச்சு ஜூம் அமுக்கிடும். கையை ஆட்டச் சொல்லுங்க, அது போதும்.

படத்துக்கு ஒரே விதி: ஜன்னல் பிள்ளைங்களுக்கு முன்னாடி இருக்கணும். பின்னாடி இருந்தா எல்லாரும் நிழல் பொம்மை.

[திரையில்: ஸ்பீடு டெஸ்ட், அப்லோடு எண் மேல சிவப்பு வட்டம்]

நெட்டுக்கு வருவோம். ஸ்பீடு டெஸ்ட்ல எல்லாரும் டவுன்லோடைப் பார்த்துட்டுச் சந்தோஷமா மூடிடுவாங்க. உங்க படம் அங்க போறது அப்லோடுல. போக 600 கேபிபிஎஸ் (நொடிக்கு 600 கிலோபிட்), வர 600 கேபிபிஎஸ் இருந்தா நல்ல படம் கிடைக்கும். ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டா மணிக்கு 540 எம்பி, 40 நிமிஷத்துக்கு 360 எம்பி. ஒரு நாள் டேட்டாவுக்குள்ளயே முடிஞ்சிடும். டெஸ்டை அதே அறையில, அதே நேரத்துல எடுங்க. ஸ்டாஃப் ரூம்ல நாலு கட்டை வந்து வகுப்புல ஒண்ணு வந்தா என்ன பிரயோஜனம்? 40 நிமிஷம்னு சொன்னதுக்கும் காரணம் இருக்கு: ஜூம் இலவசக் கணக்குல அத்தோட கட் ஆயிடும். மீட்ல ரெண்டே ரெண்டு பேர் இணைஞ்சா அந்தத் தொல்லை இல்லை. இங்க இணையிறது ரெண்டு லேப்டாப்தானே.

நடுவுல நெட் போயிட்டா? சாதா போன் கால் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க. ஆமா, இல்லைக்குப் படம் எதுக்கு?

வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைங்களோட ஆடணும்னா யாழ்ப்பாணம்தான் சுலபம், நேரம் ஒண்ணேதான். சிங்கப்பூர்ல மணி 12ன்னா இங்க 9.30. லண்டன்ல காலை 9ன்னா கோடையில நமக்கு மதியம் 1.30, குளிர்காலத்துல 2.30. இதைக் கவனிக்காம அக்டோபர் கடைசி ஞாயிறு தாண்டி நேரம் குறிச்சா ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்.

பெற்றோர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க, ரெக்கார்டு பண்ணாதீங்க, பிள்ளைங்க முழுப்பேரைச் சொல்ல வேண்டாம்.

இப்போ உங்க முறை. நான் ஒரு மாவட்டம் நினைச்சிருக்கேன். கடற்கரை இருக்கா? ஆமா. கேரள எல்லை தொடுதா? ஆமா. மிச்சம் ரெண்டே மாவட்டம்தான். மூணாவது கேள்வியைக் கமெண்ட்ல கேளுங்க. "கன்னியாகுமரியா"ன்னு கேட்டாலும் சரிதான், ரெண்டே ரெண்டு மிச்சம் இருக்கும்போது மதுரைக் கேள்வியும் பாதியா வெட்டும்.